தலைமாட்டுச் செங்கல்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் எங்கள் கட்டிலை நகர்த்தப் போய், தலைமாட்டுப் பக்கம் தொம்மென்று இறங்கியதும் பதறிவிட்டார். கால் முறிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். குனிந்து பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, ரெண்டு காலுக்கும் செங்கல்லு முட்டுக் குடுத்திருக்கீங்க? கட்டில் செஞ்ச ஆசாரி கால் அளவைத் தப்பா எடுத்துட்டாரா?" என்று கேட்டார். செங்கல் இரண்டையும் கொண்டுவந்து வராந்தாவில் வைத்தார். பழைய காலத்துச் செங்கல், மெலிதாக, அகலமாக இருக்கும். ஒன்றுக்கு மூலை உடைந்திருக்கிறது. இரண்டின் முகத்திலும் எப்போதோ பூசிய மஞ்சள் பழுப்பாகிக் கிடக்கிறது. "வேலை முடிஞ்சதும் திரும்ப வைக்கணுங்களா, இல்லே வெளியில போட்டுறவா?" என்றார். அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியை அவற்றின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவை என் அக்கா கொடுத்தவை. கல்யாணத்துக்குச் சீராக வந்த வெண்கலப் பானைகூட எங்கே போனதென்று தெரியவில்லை. இந்தச் செங்கல்கள் மட்டும் வீடு மாறும்போதெல்லாம் கூடவே வந்துகொண்டிருக்கின்றன.

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, ஊருக்கே தெரியும். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். அப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டியில் எடை போடுகிற வேலையில் இருந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னமோ எரியுதப்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். சொல்லிவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எரியுதுன்னு சொன்னாரு, போயிட்டாரு. அது என் காதில் அப்படியே தங்கிவிட்டது. எட்டாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது. அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகி, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த மாமாவோடு ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் குடித்தனம் வைத்திருந்தாள். நானும் ஒரு டிரங்குப் பெட்டியோடு அங்கே போய்ச் சேர்ந்தேன். மலைக்கோட்டைக்கு அடியில் சின்னக்கடை வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் மாமா சொல்லிச் சேர்த்துவிட்டார்.

அந்தக் காலத்து ஜவுளிக்கடை வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வியாதி அங்கேதான் வளர்ந்தது. தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். புடவை எடுக்க வந்தவர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம், சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். ஒரு புடவையை விரித்து முந்தானையைக் காட்ட வேண்டுமானால் இடுப்பை மடித்து முன்னால் குனிய வேண்டும். அதை மடித்து வைக்க மறுபடி குனிய வேண்டும். வேட்டி நழுவாமல் இருக்க அகலமான தோல் பெல்ட்டை வயிற்றைப் பிதுக்கும் அளவுக்கு இறுக்கியிருப்போம். கூட்டம் குறைந்தால்தான் சாப்பாடு. மூன்று மணியும் ஆகும், நாலும் ஆகும். பசி வெறியில் அள்ளிப் போட்டுக்கொண்டு, கிடங்கில் துணிப் பேல்களின் மேல் சற்று நேரம் மல்லாந்து கிடப்போம். எங்களுக்கு இருந்த ஒரே சொகுசு அதுதான். எழுந்ததும் பஜ்ஜியும் காப்பியும், அதற்குமேல் ஒரு வெற்றிலை. இதில் எதுவும் உடம்புக்கு ஆகாது என்று யாருக்கும் தோன்றியதில்லை. எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்.

முதலில் லேசாகத்தான் ஆரம்பித்தது. நடு நெஞ்சில், எலும்புக்குப் பின்னால், மிளகாய் அரைத்த கையால் உள்ளே தடவியது மாதிரி ஒரு காந்தல். குனிந்தால் தொண்டை வரைக்கும் புளித்த தண்ணீர் எழும்பும். பக்கத்து மெத்தையில் உட்கார்ந்து விற்ற மூத்தவர், "வாய்வுய்யா அது. ஒரு சோடா உடைச்சுக் குடி" என்றார். குடித்தேன். பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது, கூடவே நெருப்பும் வந்தது. "அப்பப் பெப்பர்மிண்ட் போட்டு அடக்கு" என்றார். வாய் ஜில்லென்று இருந்தது, நெஞ்சு இன்னும் மோசமாயிற்று. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒருநாள், கிடங்கில் பேல்மேல் சாய்ந்திருந்தபோது, எழுந்திருக்கவே முடியாது என்கிற அளவுக்கு எரிந்தது. அப்பா மூட்டைமேல் உட்கார்ந்த மாதிரியே நானும் பேல்மேல் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றையிலிருந்து எனக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்றே இருந்தேன்.

டாக்டரிடம் போகலாம் என்று யாரும் நினைப்பார்கள். நான் போகவில்லை. போனால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே. சொல்லாத வரைக்கும் கொஞ்சம் நாள் இருக்கிறது என்று ஒரு கணக்கு. அதற்குப் பதில் வேறு ஏற்பாடுகள் செய்துகொண்டேன். பஸ்ஸில் கண்டக்டர் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். காவிரிப் பாலத்தில் நடந்து போவதை நிறுத்தினேன். உச்சிப் பிள்ளையாரை அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுக்கொண்டேன். விழுந்து கிடந்தால் யாராவது கொண்டுபோய்ச் சேர்க்கட்டும் என்று அக்கா வீட்டு விலாசத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் அக்கா எனக்குப் பெண் பார்த்தாள். வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், ஒரே பேச்சில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தட்டு நிறைய வைத்தார்கள். மரியாதைக்கு எல்லாவற்றையும் தின்றேன். பெண் வந்து நிற்கவும் நெஞ்சு பற்றிக்கொள்ளவும் சரியாக இருந்தது. கையால் நெஞ்சைப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன். நல்ல பெண், நிமிர்ந்து நின்றாள், கண்ணில் ஒரு சிரிப்பு. எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதுதான் தொல்லை. அதற்குச் சில நாள் முன்னால் கடைக்கு ஒரு குடும்பம் வெள்ளைப் புடவை எடுக்க வந்திருந்தது. யாருக்கு என்று பார்த்தால், கூட வந்திருந்த சின்னப் பெண்ணுக்குத்தான். புருஷன் நெஞ்சு வலியில் போய்விட்டான் என்றார்கள். அந்தப் பெண் எந்தப் புடவையையும் தொட்டுப் பார்க்கவில்லை. விரித்துக் காட்டியவன் நான். வையம்பட்டிப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் அந்த மெத்தையில் அவளை உட்கார்த்திப் பார்த்தேன். இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். ஏன் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"கடையில தள்ளுபடி முடியட்டும்க்கா" என்று ஆரம்பித்தேன்.

"ஆடி முடிஞ்சா தீபாவளிம்பே. தீபாவளி முடிஞ்சா பொங்கலும்பே. கடையை இழுத்து மூடினப்புறம்தான் தாலி கட்டுவியா?" என்றாள் அக்கா.

மாமா சாப்பிட்டுக்கொண்டே, "உனக்குப் புரியலைடி. புடவை எடுக்க வந்த எவளோ உன் தம்பியை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டா" என்றார்.

"அப்படி இருந்தாச் சொல்லித் தொலைடா. அவளையாவது போய்க் கேக்கறேன். வையம்பட்டிக்காரங்க ஐப்பசிக்குள்ள பதில் கேக்கறாங்க. நல்ல பொண்ணை எத்தனை நாளு காக்க வைக்கிறது?"

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். அவளிடம் போய் எதைச் சொல்வது?

அந்த ஆவணியில் ஒருநாள் மாமாவுக்குப் பகல் ஷிப்ட். அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போக வேறு ஆள் இல்லாமல் நான் ஜட்கா வண்டி வைத்து அழைத்துப் போனேன். உத்தர வீதியில் தன் வீட்டு முன் அறையிலேயே வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. கைத்தறிச் சேலை, நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். பெண்களுக்கு மட்டும்தான் பார்ப்பார். அந்த அறையை நடுவில் திரை போட்டுத் தடுத்திருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா, இந்தப் பக்கம் பெஞ்சு. பெஞ்சு முழுக்க வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் அவர்களோடு துணைக்கு வந்த பெரியவர்களும். ஆண் என்று நான் ஒருவன்தான், கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். திரைக்கு உள்ளே பேசுவது எல்லாருக்கும் கேட்கும். அக்காவுக்கோ மெதுவாகப் பேச வராது.

"சாப்பிட்டுப் படுத்தாப் போதுங்க, நடு நெஞ்சுல கொள்ளிக்கட்டையைச் செருகினாப்புல இருக்கு. தொண்டை வரைக்கும் புளிச்ச தண்ணி வருது. எந்திரிச்சு உக்காந்தாக் கொஞ்சம் தேவலை. காலையில குனிஞ்சு கோலம் போட்டா மறுபடியும் வந்துருது."

நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை ஒரு வார்த்தை விடாமல் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் இருந்த ஒரு கிழவி, "வயித்துல இருக்கிற புள்ளைக்குத் தலை நெறைய முடி, அதான் எரியுது" என்றாள். உள்ளே இருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "முடியும் இல்லை, ஒண்ணும் இல்லை. இது நெஞ்சே இல்லேம்மா, வயிறு. நாம சாப்பிட்டதைச் செரிக்க வயித்துல ஒரு புளிப்புத் தண்ணி ஊறறது. அது மேலே வராம இருக்க அங்கே ஒரு கதவு மாதிரி இருக்கு. உனக்குக் குழந்தை கீழேருந்து நெட்டறது, கதவு சரியா மூடலை. புளிப்பு மேலே ஏறி நெஞ்சைச் சுடறது. பிரசவம் ஆனா தானா அடங்கிடும், பயப்படாதே."

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், "டாக்டரம்மா, எனக்கும் அதேதாங்க" என்றேன்.

அக்கா அவசரமாக முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "யார் இது?" என்றார் டாக்டரம்மா. "என் தம்பிங்க" என்றாள் அக்கா. திரைக்கு வெளியே இருந்து அந்தக் கிழவி, "ஏந்தம்பி, உனக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. உள்ளே அக்கா சிரித்தாள், டாக்டரம்மாவும் சிரித்தார். நான் சிரிக்காமல் நின்றதைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பை நிறுத்தினார். "உட்காருப்பா" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்று கேட்டார். படி ஏறினால் வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, கைக்கோ தாடைக்கோ வலி இழுக்கிறதா, வேர்த்துக் கொட்டுகிறதா என்று கேட்டார். பேலைத் தூக்கிக்கொண்டு கிடங்கு மாடி ஏறும்போது ஒன்றும் செய்வதில்லை, சாப்பிட்டு உட்கார்ந்து குனிந்தால்தான் என்றேன். சாப்பாடு இறங்கும்போது அடைக்கிறதா, கறுப்பாக வெளிக்குப் போகிறதா, உடம்பு இளைத்திருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை என்றேன். பிறகு, "இதுக்கு ஏன் இப்படி நடுங்கறே?" என்றார். அப்பாவைச் சொன்னேன். மூட்டைமேல் உட்கார்ந்து எரியுது என்று சொன்னதைச் சொன்னேன். அக்கா முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவளும் அந்த வார்த்தையை எங்கேயோ உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் அவர்மேல் மதிப்பு. "உங்க அப்பாவுக்கு என்னன்னு நான் பார்க்கலை, எனக்குத் தெரியாது. சில பேருக்கு இருதயத்து வலியும் எரியற மாதிரிதான் வரும். நீ சொல்றதைக் கேட்டா உனக்கு வயிறுன்னுதான் எனக்குத் தோணறது. ஆனா அப்பா அப்படிப் போயிருக்கார்ங்கறப்போ, எனக்குத் தோணினது போறாது. பெரியாஸ்பத்திரிக்குப் போய் இருதயத்தைப் பார்த்துடு. பார்த்துட்டு வந்து என்கிட்டச் சொல்லு" என்றார்.

தனியாகப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அக்கா விடவில்லை. நிறை வயிற்றோடு பெரியாஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் படுக்க வைத்து, கையிலும் காலிலும் மார்பிலும் ஒயரைக் கட்டிக் காகிதத்தில் கோடு கோடாக எடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்த டாக்டர் இளைஞர். அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறினால் நான் போனேன் என்று வைத்துக்கொண்டேன். புருவம் ஏறவில்லை. "இருதயம் நல்லாத்தான் இருக்கு. போய்ச் சாப்பாட்டை ஒழுங்கு பண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். எத்தனை நாள் நான் செத்துக்கொண்டிருந்தேன்! அவருக்கு அது ஒரு நிமிஷத்து வேலை.

வெளியே வந்ததும் அக்கா என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "இதுக்குத்தானாடா அந்தப் பொண்ணைக் காக்க வச்சே?" என்றாள். பிறகு அங்கேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "வா" என்று வண்டி பிடித்தாள். வீட்டுக்குப் போகவில்லை, மலைக்கோட்டை அடிவாரத்தில் நிறுத்தச் சொன்னாள். "என்னால ஏற முடியாது. நீ ஏறிட்டு வா. நான் இங்கே உக்காந்திருக்கேன்" என்றாள். முதலில் ஒவ்வொரு படியாக, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஏறினேன். அப்புறம் கை தானாக இறங்கிவிட்டது. உச்சியில் காற்று வேட்டியைப் பிடுங்கியது. கீழே காவிரி, அதற்கு அப்பால் தென்னைகளுக்கு நடுவே கோபுரங்கள். மூச்சு வாங்கியது, எல்லாருக்கும் வாங்குகிற மாதிரி. நெஞ்சில் ஒன்றும் இல்லை. இறங்கி வந்தபோது அக்கா மணிக்கட்டில் இருந்த வளையல்களை மேலும் கீழும் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன, இருக்கியா?" என்றாள். "இருக்கேன்க்கா" என்றேன். "அப்ப வையம்பட்டிக்குச் சேதி சொல்லி அனுப்பறேன்" என்றாள்.

வியாதி போய்விடவில்லை, பயம்தான் போயிற்று. வியாதியை டாக்டரம்மா சொன்னபடி நாங்கள் இருவரும் சேர்ந்து கவனித்தோம். ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னாமல் பிரித்துத் தின்ன வேண்டும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகாமல் படுக்கவே கூடாது. இடுப்பில் எதையும் இறுக்கக் கூடாது. வெற்றிலை, புகையிலை, எண்ணெய்ப் பலகாரம், காரம் எல்லாம் குறைய வேண்டும். எதைத் தின்றால் எரிகிறதோ அதை அவரவர்தான் கண்டுபிடித்து விலக்க வேண்டும் என்றார். எனக்குக் காப்பி என்று தெரிந்தது. அக்காவுக்குக் காப்பி ஒன்றும் செய்யவில்லை, தக்காளி ரசம்தான் எதிரி. ரொம்ப எரிந்தால் குடிக்க, சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து கொடுத்தார். கடையில் நான் பெல்ட்டை ஒரு துளை தளர்த்தினேன். அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டில் பாதியைப் பன்னிரண்டு மணிக்கே ஓடிப் போய் விழுங்கிவிட்டு வந்தேன். பேல்மேல் படுப்பதை விட்டேன். பக்கத்து மெத்தைக்காரர் "மாப்பிள்ளைக்குப் பத்தியமா?" என்று கேலி செய்தார். வீட்டில் மாமாதான் பாவம். "ஏண்டி, எனக்கு எந்த மாசமும் இல்லையே. எனக்காவது ஒரு காரக் குழம்பு வை" என்பார்.

எல்லாவற்றிலும் பெரிய வைத்தியம் செங்கல்தான். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், வயிறும் நசுங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களையே உயர்த்தி வை, உடம்பு முழுக்கச் சரிவாக இருந்தால் புளிப்பு மேலே ஏறாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் பழைய கிணற்றுச் சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டு அக்கா நாலு செங்கல் வாங்கினாள். இரண்டு அவள் கட்டிலுக்கு. தரையில் படுத்த எனக்கு ஒரு பழைய கதவுப் பலகையைப் போட்டு, தலைப்பக்கம் இரண்டு செங்கல். முதல் நாள் அதில் படுத்துத் தூங்கி, காலையில் அக்கா உலுக்கி எழுப்பும்வரை எனக்கு நினைவே இல்லை. அப்படி ஒரு தூக்கம் தூங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. கார்த்திகையில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. தலையில் ஒரு முடி இல்லை, வழுக்கை. அவள் நெஞ்செரிச்சல் அன்றோடு போயிற்று. அவளுடைய செங்கல் இரண்டையும் கழுவி எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தை மாதத்தில் வையம்பட்டியில் எனக்குக் கல்யாணம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறும்போது அக்கா இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு கனத்த துணிப்பை. மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடியே, செங்கல்லா? அந்த ஊர்ல செங்கல்லே கிடையாதா?" என்றார்.

"கிடைக்கும். கேட்டா எதுக்குன்னு கேப்பாங்கள்ல? மாப்பிள்ளைக்கு நெஞ்சுல கோளாறுன்னு ஒரு பேச்சு கிளம்பிச்சுன்னா அப்புறம் யாரு அடைக்கிறது? நம்மளே கொண்டுபோயிட்டா நம்மளோட போச்சு."

முகூர்த்தம் முடிந்தது. பெண் வீட்டார் சீர் கொடுத்த புதுக் கட்டிலை ஓர் அறையில் போட்டுப் பூ கட்டியிருந்தார்கள். சாயங்காலம் எல்லாரும் பந்தியில் இருக்கும் நேரம் பார்த்து அக்கா அந்த அறைக்குள் போனாள். என்னை அழைத்துக் கட்டிலைத் தூக்கச் சொல்லி, ஒரு காலுக்குச் செங்கல் வைத்தாயிற்று. இன்னொன்றை வைக்கக் குனிந்தபோது பெண்ணின் பெரியம்மா வாசலில் வந்து நின்றாள்.

"என்ன தங்கச்சி பண்ணுறீங்க?"

நான் கட்டிலைத் தூக்கியபடியே நின்றேன். அக்கா நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "ஒண்ணுமில்லைக்கா. மொத மொதல்ல கட்டில்ல படுக்கறப்ப தலைமாட்டுக்குச் செங்கல் வைக்கிறது. எங்க பக்கத்து வழக்கம்" என்றாள்.

பெரியம்மா மோவாயில் கை வைத்துக்கொண்டாள். "வழக்கமா! அப்படின்னா முன்னாடியே சொல்லப்படாதா? இப்படியா வெறுங்கல்லை வைப்பீங்க? மஞ்சக் குங்குமம் வேணாம்? இருங்க, இருங்க, வச்சிடாதீங்க" என்று ஓடினாள். திரும்பி வரும்போது தாம்பாளத்தில் மஞ்சளும் குங்குமமும் கற்பூரமும், பின்னால் ஏழெட்டுப் பெண்களும். செங்கல் இரண்டுக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, குலவையிட்டு வைத்தார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா, இப்படித்தான், இப்படித்தான்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவதை நான் மட்டும் பார்த்தேன்.

அன்றைக்கு என் மனைவி கட்டிலில் உட்கார்ந்ததுமே, "என்னங்க இது, சறுக்கிக்கிட்டே போகுது?" என்றாள். அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப என்னைப் பாத்ததும் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டீங்களே, அது பஜ்ஜியா? நான் இத்தனை மாசமா அதை வேற மாதிரி நெனச்சுச் சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். பஜ்ஜி பாதி என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த வருஷம் என் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். போனால், கட்டில் தலைமாட்டில் இரண்டு செங்கல், மஞ்சள் குங்குமத்தோடு. பெரியம்மாதான் வைத்திருந்தாள். அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு வந்த கல்யாணங்களிலும் அது நிற்கவில்லை. சென்ற தடவை ஒரு கல்யாண மண்டபத்தில் செங்கலுக்கு ஜிகினாக் காகிதம்கூடச் சுற்றியிருந்தார்கள். வர்ற பொண்ணு சொந்தமா வீடு கட்டி வாழணும்னு வைக்கிறதுங்க, ரொம்பக் காலத்துப் பழக்கம் என்று எனக்கு முன்பின் தெரியாத ஓர் அம்மா எனக்கே விளக்கினார். என் மனைவி என் கையைக் கிள்ளினாள். நான் ஆமாங்க என்றேன்.

அக்கா நல்ல வயதுவரைக்கும் இருந்துதான் போனாள். அப்பா அன்றைக்கு எரியுது என்று சொன்னது வயிறா, இருதயமா என்பது கடைசிவரைக்கும் எங்கள் இருவருக்கும் தெரியாமலே போயிற்று. அந்தக் கவலை எனக்கு முழுக்கத் தீராது. இப்போதும் கொஞ்சம் வித்தியாசமாக வலித்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன். நான் அப்பாவின் வயதைத் தாண்டி, அவரைப் போல் இன்னொரு பங்கும் வாழ்ந்துவிட்டேன். பெரும்பாலும் நிம்மதியாகத் தூங்கித்தான் எழுந்திருக்கிறேன்.

சாயங்காலம் வெள்ளையடித்து முடித்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். "செங்கல்லை என்னங்கய்யா பண்ணட்டும்?"

தலைமாட்டிலேயே வைத்துவிடுங்கள் என்றேன். அவர் அவற்றை எடுத்துத் தூசி தட்டினார். அப்போதுதான் அந்த மஞ்சள் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "சாங்கியம் ஏதுங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து குங்குமச் சிமிழோடு வந்துவிட்டாள். செங்கல் இரண்டுக்கும் பொட்டு வைத்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"ஆமாப்பா. எங்க நாத்தனார் பக்கத்து வழக்கம்" என்றாள்.